பெங்களூரிலிருந்து கும்பகோணத்துக்கு, இன்றைக்கே பூ

கேட்டவர் பெங்களூரு மாரத்தஹள்ளியில் வேலை பார்க்கிறார். கும்பகோணத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு இன்றோடு 70 வயது நிறைகிறது. காலையில் அம்மா போனில் சொன்ன பிறகுதான் இவருக்கு நினைவே வந்திருக்கிறது. ‘இன்றே டெலிவரி’ என்று போட்டிருக்கும் ஒரு தளத்தில் 24 சிவப்பு ரோஜா கொண்ட பொக்கே ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதற்குப் பணம் கட்டலாமா, இல்லை அந்த ஊர்ப் பூக்கடையையே நேராகப் பிடிக்க முடியுமா என்பது கேள்வி.

பிடிக்க முடியும். காலை 11 மணிக்குள் போனை எடுத்தால் சாயங்காலம் 5 மணிக்குப் பூ பெரியம்மா கையில் இருக்கும். ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிட வேண்டும்: திரையில் பார்த்து வைத்திருக்கும் அந்தப் படம். அன்றைக்கே பூ அனுப்ப நினைக்கிறவர் படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று கேட்கக் கூடாது. இன்றைக்குக் கடையில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், பெங்களூரு அல்சூரில் 11 வருஷம் பொக்கே கடை வைத்திருந்தேன். இப்போது கல்யாண மேடை அலங்காரம் மட்டும்தான். கடை இருந்த காலத்தில் இந்த மாதிரித் தளங்களிலிருந்து வந்த ஆர்டர்களைக் கட்டி அனுப்பிய கைகளில் என் கையும் ஒன்று.

தளத்தில் பணம் கட்டியதும் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். அவர்களுக்குச் சொந்தக் கடை இருக்கும் பெரிய ஊர் என்றால் அங்கேயே கட்டிவிடுவார்கள். கும்பகோணம் மாதிரி ஊர் என்றால், அங்கே இருக்கும் ஏதாவது ஒரு கடைக்கு ஆர்டரைத் தள்ளிவிடுவார்கள். யோசனை ஒன்றும் புதிதல்ல. 1910-லேயே அமெரிக்காவில் 15 பூக்கடைக்காரர்கள் சேர்ந்து, ஊர் விட்டு ஊர் ஆர்டரைத் தந்தியில் அனுப்பிக்கொள்ள ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். எஃப்.டி.டி. என்ற பெயரில் இன்றும் அது இருக்கிறது. அங்கே நெடுங்காலம் இருந்த பங்குக் கணக்கு இப்படி: 100 ரூபாய் ஆர்டர் என்றால் பிடித்துக் கொடுத்த கடைக்கு 20, சங்கத்துக்கு 7, பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்த கடைக்கு 73. அதில் இரண்டு முனையிலும் பூ தெரிந்த ஆள் இருந்தார். இப்போது பல இடங்களில் ஒரு முனையில் இருப்பது விளம்பரம் மட்டும்தான். பூவைக் கட்டுகிற கடையின் பங்கும் குறைந்துவிட்டது.

என் கடையில் நடந்ததையே சொல்கிறேன். ஒருநாள் முற்பகல் ஒரு தளத்திலிருந்து ஆர்டர் வந்தது. 24 சிவப்பு ரோஜா, இடையில் நிரப்ப வெள்ளை ஜிப்சி என்கிற பொடிப்பூ, கறுப்புத் தாள், இந்திராநகர் முகவரி. எனக்கு அவர்கள் தருவது 520 ரூபாய். வாடிக்கையாளர் கட்டியது 999 என்று பிறகுதான் தெரிந்தது. அவரே பில்லோடு கடைக்கு வந்து நின்றார். அன்று முகூர்த்த வாரம், 20 பூ கொண்ட ரோஜாக் கட்டு 220 ரூபாய். 24 பூவுக்கு 264, ஜிப்சிக்கு 50, தாள் ரிப்பனுக்கு 70, வண்டிக்கு 90. கூட்டினால் 474. மிச்சம் 46 ரூபாயில் கடை வாடகை, பையன் சம்பளம், என் சாப்பாடு எல்லாம் வர வேண்டும். நான் என்ன செய்தேன்? 18 ரோஜா வைத்தேன். மீதி இடத்தைக் கோல்டன் ராட் என்கிற மஞ்சள் பொடிப்பூவும் அஸ்பராகஸ் இலையும் வைத்து நிரப்பினேன். அந்த மனிதர் கடையில் நின்று ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த மாதத்தோடு தள ஆர்டர் எடுப்பதை நிறுத்தினேன்.

எல்லாத் தளமும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. நேரமே இல்லை, பேசவும் முடியாது என்றால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் நீங்கள் கட்டும் 1000 ரூபாயில் பூவாக மாறுவது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

அடுத்து வாளிக் கணக்கு. சின்ன ஊர் பொக்கே கடையில் நாலைந்து வாளிகளில்தான் பூ நிற்கும். ரோஜா, ஜெர்பரா, சாமந்தியில் ஒன்றிரண்டு நிறம், சம்பங்கிக் குச்சி, அதிர்ஷ்டம் இருந்தால் கார்னேஷன். இந்தப் பசுமைக்குடில் பூவெல்லாம் பெரும்பாலும் எங்கிருந்து போகிறது தெரியுமா? ஓசூர்ப் பக்கம்தான். தளி, பாகலூர், கெலமங்கலம் வட்டாரத்தில் அறுத்து, 20 ரோஜா ஒரு கட்டாக அட்டையில் சுற்றி, பெட்டியில் அடைத்து ராத்திரி பஸ்ஸில் ஏற்றுவார்கள். விடியற்காலையில் ஊர் போய்ச் சேரும். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னல் மனசு வைத்தால் ஓசூர் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். ஆக, பெரியம்மாவுக்குப் போகப்போகும் ரோஜா நேற்றுச் சாயங்காலம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

இதிலிருந்து புரிய வேண்டியது, விடியற்காலைப் பெட்டியில் வராத பூ அன்றைக்கு அந்த ஊரில் கிடையாது. லில்லி வேண்டும், ஊதா ஆர்க்கிட் வேண்டும் என்று மத்தியானம் கேட்டால் எந்தக் கடைக்காரராலும் வரவழைக்க முடியாது. நல்லவர் ‘இல்லை’ என்பார். மற்றவர் ‘பண்ணிடலாம் சார்’ என்று சொல்லிவிட்டுக் கையில் இருப்பதைக் கட்டுவார். நீல ரோஜாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது வெள்ளை ரோஜாவுக்குச் சாயம் ஏற்றியது. பெரியம்மா விரலிலும் நீலம் ஒட்டும்.

சரி, கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுள் மேப்பில் ஊரைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ‘பூக்கடை’, ‘மாலைக் கடை’, ‘பொக்கே ஷாப்’ என்று மூன்று விதமாகத் தேடுங்கள். மூன்றும் மூன்று விதமான கடைகளைக் காட்டும். கடைக்காரர் போட்ட படங்களைத் தள்ளிவிட்டு, வாங்கினவர்கள் போட்ட மங்கலான படங்களைப் பாருங்கள். ஷட்டர், வாளி, பக்கத்துக் கடை போர்டு எல்லாம் தெரிந்தால் நிஜக் கடை. ஸ்டூடியோவில் எடுத்த மாதிரி வெள்ளைப் பின்னணியில் பொக்கே மட்டும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளூர்ப் பெயரை மாட்டிக்கொண்டு எங்கோ உட்கார்ந்து ஆர்டர் பிடிக்கும் எண்கள் நிறைய உண்டு. சோதிக்க ஒரே கேள்வி போதும்: “அண்ணே, உங்க கடைக்கு எதிர்ல என்ன இருக்கு?” நிஜக் கடைக்காரர் மூச்சு விடாமல் சொல்வார், டீக்கடை, டெய்லர், கோயில் மதில் என்று. மற்றவர் உங்களிடம் பின்கோடு கேட்பார்.

போன் போட நல்ல நேரம் காலை 10-லிருந்து 11 வரை. அதற்கு முன்னால் பெட்டி பிரித்து, இலை கிள்ளி, தண்ணீரில் வைக்கிற வேலை. மதியத்துக்கு மேல் நல்ல பூ போய்விடும். தினசரிக் காலண்டரில் முகூர்த்தம் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முகூர்த்த நாளென்றால் அவர் ராத்திரி முழுக்க மண்டபத்தில் மேடை கட்டிவிட்டு இப்போதுதான் படுத்திருப்பார். மூன்றாவது கடைக்கும் போடத் தயாராக இருங்கள்.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போக வேண்டும்.

“அண்ணே, பெங்களூர்லேருந்து பேசுறேன். பெரியம்மாவுக்கு இன்னைக்கு எழுபது. சாயங்காலம் வீட்டுல குடுக்கணும். இன்னைக்கு உங்ககிட்ட எது நல்லா இருக்கு?”

“ரோஸ் இருக்கு, மஞ்சளும் ரோஸ் கலரும். செவப்பு கம்மிதான். ஜெர்பரா நேத்து வந்தது.”

“நேத்து வந்தது வேணாம். மஞ்சள் ரோஸ்லயே எழுநூறு ரூபாய்க்குப் பண்ணிக் குடுங்க. எத்தனை பூ வரும்?”

“இருபது வரும் சார், பச்சையோட.”

கவனித்தீர்களா? பணத்தை முதலில் சொல்லி, எத்தனை பூ வரும் என்று அவரைச் சொல்ல வைத்திருக்கிறோம். 24 ரோஜா எவ்வளவு என்று ஆரம்பித்தால் அவர் விலையைக் கொஞ்சம் கூட்டியே சொல்வார். இன்ன தொகைக்கு இருப்பதிலேயே நல்லதாகப் பண்ணுங்கள் என்றால் பெரும்பாலான கடைக்காரர்கள் கூடுதலாகவே வைப்பார்கள். தன் கண்ணை நம்பி விட்டவருக்குச் செய்கிற வேலையில் ஒரு ரோஷம் இருக்கிறது. இது என் அனுபவம்.

பாதிப் பணம் முன்னால், பாதி போட்டோ வந்த பிறகு. யு.பி.ஐ.யில் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் கடைப் பெயரோ அவர் சொன்ன பெயரோதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்ததும் வாட்ஸ்ஆப்பில் போட்டோ கேளுங்கள். அதில் அழகைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். ரோஜாவின் மொட்டுக்குக் கீழே தண்டு வளைந்திருந்தால் பூ தண்ணீர் குடிக்கவில்லை, ராத்திரிக்குள் தலை தொங்கும். வெளிப்பக்க இதழ் ஒன்றிரண்டு பச்சையோடி, ஓரம் கருத்திருந்தால் பயப்பட வேண்டாம். அது மொட்டைக் காக்கும் இதழ், கிள்ளிவிட்டால் போயிற்று.

முகவரியை எழுத்தில் அனுப்பிவிட்டு, கூடவே ஒரு குரல் செய்தியும் போடுங்கள். கொண்டுபோகும் பையன் கேட்கப்போவது அதைத்தான். “மகாமகக் குளத்துக்கு வடகரை, ரெண்டாவது சந்து, நீலக் கேட்” என்கிற வகை. பெரியம்மா எண்ணைக் கொடுத்தால் ஆச்சரியம் கெட்டுவிடும் என்றால், பக்கத்து வீட்டு எண்ணையோ தங்கை எண்ணையோ கொடுங்கள். எண்ணே இல்லாமல் மட்டும் அனுப்பாதீர்கள். பூட்டின வீட்டு வாசலில் வெயிலில் கிடந்த பொக்கேக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் 4.30-லிருந்து 6 மணி வரை ராகு காலம். உங்களுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது பேச்சில்லை, வாங்கிக்கொள்கிறவருக்கு இருக்கும்.

வாழ்த்து அட்டைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கடைப் பையன் கையால் எழுதுவான். என் கடையில் ஒருமுறை வாடிக்கையாளர் அனுப்பியதை அப்படியே பார்த்து எழுதி அனுப்பிவிட்டான் பையன்: “இனிய மணநாள் வாழ்த்துகள், கொஞ்சம் பெரிய எழுத்தில்.” ஆகவே வாசகத்தைத் தனிச் செய்தியாக அனுப்புங்கள், குறிப்பை வேறு செய்தியாக.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பைக்கில் ஹேண்டிலில் தொங்கவிட்டுக் கொண்டுபோனால் காற்றில் ஜெர்பரா கழுத்து ஒடியும். அந்தப் பூவின் தண்டு உள்ளே வெறும் குழல், அதனால்தான் கம்பியோ ஸ்ட்ராவோ போட்டு நிறுத்துவார்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆட்டோ. ஆட்டோவுக்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த வியாபாரத்தில் நன்றாகச் செலவழித்த காசு அதுதான்.

இவ்வளவும் பொக்கே என்று முடிவு செய்திருந்தால். என்னைக் கேட்டால் 70 வயதுப் பெரியம்மாவுக்கு, அதுவும் கும்பகோணத்தில், பொக்கே எதற்கு? அந்த ஊர்ப் பொக்கே கடைக்கு நாலு வாளிதான். ஆனால் கும்பேசுவரர் கோயில், சாரங்கபாணி கோயில் பக்கம் மாலை கட்டுகிற கைகள் இருக்கின்றனவே, அதற்குப் பெங்களூரில் நீங்கள் ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் ஈடு கிடைக்காது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதம்பம் தனி வகை. மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து, இடையில் ஒரு இணுக்கு ரோஜா இதழ் என்று நிறம் மாற்றி மாற்றி நெருக்கமாகக் கட்டுவார்கள். பிரித்து வைத்தால் கூடமே மணக்கும். வெளியூரிலிருந்து பெட்டியில் வர வேண்டியதும் இல்லை.

மல்லிகைக்கு ஒரு கணக்கு உண்டு. விடியும் முன்பே மொட்டாகப் பறித்துவிடுவார்கள். பகலெல்லாம் மொட்டாகவே இருந்து பொழுது சாயும்போது மலரும். காலையில் வந்த மொட்டை மத்தியானம் கட்டி, வாழையிலையில் சுற்றி 4 மணிக்குக் கொடுத்தால், ஏழு மணிக்கு விளக்கேற்றும் நேரத்தில் பெரியம்மா தலையில் அது விரியும். இன்றைக்கே பூ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பூ எது? மார்கழி, தை மாதங்களில் மட்டும் விலையை விசாரித்துக்கொள்ளுங்கள். பனியில் மொட்டு குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். அப்போது மதுரைப் பக்கமும் இதே கதைதான், 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லியும் பனிக்கு அடங்கித்தான் போகும். அந்த மாதங்களில் சாமந்தி மாலையும் மரிக்கொழுந்தும் போதும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பெரியப்பா இல்லையென்றால், சில வீடுகளில் தலைக்குப் பூ அனுப்புவது வாங்குகிறவருக்குத் தர்மசங்கடம். அந்த வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் அதை மாற்றுவதற்குப் பூக்காரப் பையனை வாசலில் நிறுத்துவது வழியல்ல. உங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாமி படத்துக்கு மாலை, பூஜைக்கு உதிரிப் பூ ஒரு தட்டு என்றால் எந்த வீட்டிலும் மறுக்க மாட்டார்கள்.

மாலைக் கடைக்காரர்கள் பலருக்கு வாட்ஸ்ஆப் போட்டோ, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் பழக்கம் இருக்காது. கடையிலிருந்து ஆட்டோக்காரர் ஒருவர் கையில் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எல்லாக் கோயில் வாசலிலும் கடைக்காரருக்குத் தெரிந்த ஆட்டோ ஒன்று நிற்கும்.

போய்ச் சேர்ந்த பிறகு, பொக்கேயாக இருந்தால், தாளைப் பிரித்துத் தண்டின் அடியை ஒரு அங்குலம் சாய்வாக வெட்டி, தண்ணீரில் முங்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கூடையில் ஓயாசிஸ் என்கிற, தண்ணீர் பிடித்து வைக்கும் பச்சைப் பஞ்சுக் கட்டியில் குத்தியிருந்தால் தினம் ஒரு டம்ளர் தண்ணீர். பழத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பழுக்கும் வாழையும் மாம்பழமும் விடுகிற எத்திலீன் வாயுவில் கார்னேஷன் ஒரே நாளில் சுருங்கும். பிறந்தநாள் வீட்டில் பழத் தட்டும் பொக்கேயும் ஒரே மேஜையில்தான் இருக்கும், அதனால் சொல்கிறேன்.

பூ வாடி வந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பிக் கேளுங்கள், மறுநாள் கேட்டால் மதிப்பில்லை. உள்ளூர்க் கடைக்காரர் அனேகமாக அடுத்த நாள் வேறு அனுப்பிவிடுவார். பெரியம்மா அந்தத் தெரு வழியாகத்தான் கோயிலுக்குப் போகிறார் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசியாக, இதையே திருப்பிப் போட்டால், அதாவது கும்பகோணத்திலிருந்து யாராவது உங்களுக்குப் பெங்களூரில் பூ அனுப்பச் சொன்னால், நீங்களே போய் வாங்கிக்கொள்வது மேல். பொக்கே என்றால் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம். மாலை என்றால் அல்சூர் சோமேஸ்வரர் கோயில் வாசல், தமிழிலேயே பேரம் பேசலாம். மொத்தமாக வேண்டுமென்றால் கே.ஆர். மார்க்கெட், ஆனால் விடியும் முன்னால் போக வேண்டும், ஏழு மணிக்குப் போனால் மிதிபட்ட சாமந்திதான் மிஞ்சும். அங்கே சரத்தை முழத்தில் கேட்டால் சிலர் மாருவில் சொல்வார்கள். மாரு என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய நாலு முழம். விலையைக் கேட்டு மலைக்காதீர்கள்.

அப்புறம் சம்பங்கி. நாம் சம்பங்கி என்கிற வெள்ளைக் குழல் பூவுக்குக் கன்னடத்தில் சுகந்தராஜா. அவர்கள் சம்பிகே என்பது நம் செண்பகம். நான் பெங்களூருக்கு வந்த புதிதில், ஒரு வரவேற்பு மாலைக்காகக் கே.ஆர். மார்க்கெட்டில் இருட்டில் நின்று “சம்பங்கி, ரெண்டு கிலோ” என்றேன். மூட்டையைக் கடையில் வந்து பிரித்தால் முழுக்கச் செண்பகம். வேறு வழியில்லாமல் அதையே கோத்தோம். மாப்பிள்ளை போட்டோ முழுக்கத் தும்மிக்கொண்டே நின்றார்.